முன் அனுபவம் இல்லாமல் டெக்னிக்கல் ரைட்டர் வேலைக்குப் போவது எப்படி: பினாங்கு, கோலாலம்பூர் வாசகர்களுக்கு

ஜாப்ஸ்ட்ரீட்டில் ‘டெக்னிக்கல் ரைட்டர்’ என்று தட்டினால் வருகிற விளம்பரங்கள் சொற்பம். அவற்றிலும் பல, இரண்டு மூன்று வருட அனுபவம் கேட்கும். அதைப் பார்த்தே மனம் விட்டுப்போகிறவர்கள் நிறைய. ஆனால் மேனுவல், செயல்முறை, உதவிக் கட்டுரை எழுதும் இந்த வேலை அந்த ஒரு பெயரில் மட்டும் நடப்பதில்லை. தவிர, அனுபவம் வேண்டும் என்று விளம்பரத்தில் போடுகிற மேனேஜருக்கு உண்மையில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இவர் எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவர் வேலையை முடித்துவிட முடியுமா? அதைக் காட்டும் பக்கங்களை வேலை கிடைப்பதற்கு முன்பே எழுதி வைக்கலாம். கீழே இருப்பதில் பெரும்பகுதி அந்தப் பக்கங்களைப் பற்றியது.

எந்தப் பெயரில், எங்கே தேடுவது

தொழிற்சாலைகளில் இதே வேலைக்கு ‘டாக்குமெண்டேஷன் ஸ்பெஷலிஸ்ட்’, ‘டெக்னிக்கல் ஆத்தர்’, ‘பப்ளிகேஷன்ஸ் இன்ஜினியர்’ என்றெல்லாம் பெயர் இருக்கும். மென்பொருள் கம்பெனிகளில் ‘இன்ஃபர்மேஷன் டெவலப்பர்’, ‘கன்டென்ட் டெவலப்பர்’, ‘நாலெட்ஜ் பேஸ் எடிட்டர்’, ‘யூஎக்ஸ் ரைட்டர்’. வங்கிகளிலும், ஒரு நிறுவனத்தின் பல கிளைகளுக்கான அலுவலக வேலையை ஒரே இடத்தில் செய்யும் ஷேர்ட் சர்வீஸ் மையங்களிலும் ‘பிராசஸ் டாக்குமெண்டேஷன்’. மருத்துவக் கருவி செய்யும் இடங்களில் ‘ரெகுலேட்டரி அஃபேர்ஸ்’ பிரிவுக்குள்ளேயே எழுத்து வேலை ஒளிந்திருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாக ஜாப் அலர்ட் வைத்துவிடுங்கள். லிங்க்ட்இன், ஜாப்ஸ்ட்ரீட் இரண்டோடு பெர்கேசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்திலும் வையுங்கள்.

‘டாக்குமெண்ட் கன்ட்ரோலர்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். எந்தத் திருத்தம் நடப்பில் இருக்கிறது, யார் கையெழுத்துப் போட்டார், பழைய பிரதியை உற்பத்தி லைனிலிருந்து எடுத்தாயிற்றா என்று கவனிப்பதே அந்த வேலை. ஐஎஸ்ஓ 9001 என்ற தர நிர்வாகத் தரத்துக்கான தணிக்கை வரும்போது எல்லாரும் தேடுவது அவரைத்தான். ஆனால் எழுதுவது அவர் அல்ல. இருந்தும், உள்ளே நுழைவதற்கு அது மோசமான வாசல் இல்லை. எல்லா எஞ்சினியர்களும் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் உங்கள் மேசைக்கு வந்தாக வேண்டும்.

பினாங்கில் ஒரு கம்பெனியை எடைபோட எளிய கேள்வி ஒன்று உண்டு: பொருளின் வடிவமைப்பு யாருடையது? பிறர் வடிவமைத்ததைத் தயாரித்துக் கொடுக்கும் கம்பெனியில் பயனர் மேனுவல் எழுதும் வேலை பெரும்பாலும் இருக்காது. அது வெளிநாட்டுத் தலைமையகத்திலேயே முடிந்துவிடும். அங்கே உங்களுக்குக் கிடைப்பது, லைனில் ஒட்டும், வேலையைப் படிப்படியாகச் சொல்லும் வொர்க் இன்ஸ்ட்ரக்‌ஷன் எழுதும் வேலைதான். சொந்தமாக வடிவமைக்கும் பிரிவு இங்கேயே உள்ள இடங்களில்தான் மேனுவல், சர்வீஸ் கையேடு, ரிலீஸ் நோட் (புதிய பதிப்பில் என்ன மாறியது என்ற குறிப்பு) எல்லாம் இங்கே எழுதப்படும். பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியது. இன்று அந்த வட்டாரத்தில் கீசைட், மோட்டோரோலா சொல்யூஷன்ஸ், பி. பிரவுன் போன்றவை இருக்கின்றன. பாலத்தைத் தாண்டினால் பத்து காவானில் விட்ரோக்ஸ் போல, இயந்திரத்தைத் தாங்களே வடிவமைத்து விற்கும் உள்ளூர் நிறுவனங்கள். அங்கிருந்து வடகிழக்கே கெடாவில் கூலிம் ஹைடெக் பார்க். இவர்கள் எல்லாரும் இப்போது ஆள் எடுக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் இவர்களுடைய கேரியர் பக்கங்களை மாதம் இருமுறையாவது பார்ப்பது நல்லது.

இயந்திரக் கம்பெனிகளுக்கு எழுத்தாளர் தேவைப்படுவதற்குச் சட்டமும் ஒரு காரணம். ஐரோப்பாவில் இயந்திரம் விற்பவர், விற்கும் நாட்டின் மொழியில் பயன்பாட்டுக் குறிப்பைக் கூடவே தந்தாக வேண்டும் என்கிறது 2006/42/ஈசி என்ற விதி. 2027 ஜனவரி 20 முதல் 2023/1230 என்ற புதிய விதி அதன் இடத்துக்கு வருகிறது. குறிப்பை டிஜிட்டல் வடிவில் தரவும் அது இடம் கொடுக்கிறது. நேர்முகத் தேர்வில் இதை ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிந்தாலே, மேனுவலைக் கடைசி நேர அலங்காரம் என்று நினைக்காத ஆள் நீங்கள் என்பது தெரிந்துவிடும். மருத்துவக் கருவிக் கம்பெனிக்கு மனு செய்பவர்கள் அத்துறையின் தர நிர்வாகத் தரமான ஐஎஸ்ஓ 13485, மலேசியாவின் 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டம் (சட்டம் 737) இரண்டும் எதைப் பற்றியவை என்ற அளவுக்காவது தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கோலாலம்பூர்ப் பக்கம் கதை வேறு. சைபர்ஜெயா, பங்சார் சவுத், கே.எல். சென்ட்ரல் வட்டாரத்தில் மென்பொருள், வங்கி, தொலைத்தொடர்பு, ஷேர்ட் சர்வீஸ்தான் பிரதானம். அங்கே ஸ்குரூ டிரைவர் படம் வேண்டியதில்லை. ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தரவு கேட்கும் வழி) பற்றிய பக்கமும் உதவிக் கட்டுரையும்தான் கேட்பார்கள்.

இப்போது இருக்கும் வேலையிலிருந்தே தொடங்குங்கள்

புதிய கம்பெனிக்கு மனு செய்வதைவிட, இருக்கும் கம்பெனிக்குள்ளேயே எழுத்துப் பக்கம் நகர்வது சுலபம். டெக்னீஷியனாக, க்யூஏ டெஸ்டராக, வாடிக்கையாளர் சப்போர்ட்டில் இருப்பவர்களுக்கு இது கிட்டத்தட்ட திறந்த கதவு.

லைனில் இருப்பவர்கள் இப்படிச் செய்யலாம். ஆபரேட்டர்கள் திரும்பத் திரும்பச் சந்தேகம் கேட்கும் ஒரு வொர்க் இன்ஸ்ட்ரக்‌ஷனை எடுங்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதைப் படித்து வேலை செய்வதைக் குறுக்கிடாமல் கவனியுங்கள். அவர் எங்கே நிற்கிறார், எங்கே பக்கத்து ஆளைப் பார்க்கிறார், எந்தப் படத்தைத் திருப்பிப் பார்க்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களை மட்டும் திருத்தி எழுதி, முறைப்படி மாற்றக் கோரிக்கை போடுங்கள். ‘தயாரித்தவர்’ என்ற கட்டத்தில் உங்கள் பெயர் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். திருத்தத்துக்கு முன்னும் பின்னும் அந்த நிலையத்தில் வந்த தவறுகளின் எண்ணிக்கை கிடைத்தால் குறித்து வையுங்கள். ரெஸ்யூமேயில் ‘நன்றாக எழுதுவேன்’ என்று போடுவதைவிட, அந்த எண் பத்து மடங்கு பேசும்.

நம் தொழிற்சாலைகளில் லைனில் நிற்பவர்களில் நேப்பாளம், வங்காளதேசத்திலிருந்து வந்தவர்கள் ஏராளம். ஆங்கிலமோ மலாயோ நீளமாக எழுதிப் பயனில்லை. படம்தான் முதலில், எழுத்து அதற்குத் துணை. படத்தை வேலை செய்பவரின் கண் இருக்கும் பக்கத்திலிருந்து எடுங்கள். எதிர்ப்புறமிருந்து எடுத்தால் இடம் வலமாகிவிடும். கை தெரியட்டும், ஆனால் பிடிக்க வேண்டிய இடத்தைக் கை மறைக்கக் கூடாது. படத்துக்குள் சொற்களை எழுதாமல் 1, 2, 3 என்று எண் மட்டும் போட்டு விளக்கத்தைக் கீழே வையுங்கள். மொழி மாறும்போது படத்தைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்காது.

இதில் ஒரு பெரிய எச்சரிக்கை. கம்பெனியின் எஸ்.ஓ.பி., வொர்க் இன்ஸ்ட்ரக்‌ஷன், வாடிக்கையாளர் பெயர் போட்ட வரைபடம் எதையும் மாதிரியாக வெளியே காட்டாதீர்கள். பெயரை மறைத்தாலும் கூடாது. ரகசிய ஒப்பந்தத்தை மீறுவது ஒரு பக்கம் இருக்கட்டும். ‘நாளை நம் ஆவணத்தையும் இப்படித்தான் வெளியே எடுத்துப் போவார்’ என்று எதிரில் இருப்பவர் அந்த நொடியே முடிவு கட்டிவிடுவார். செய்ததை வாயால் சொல்லுங்கள். காட்டுவதற்குத் தனியாக எழுதுங்கள்.

சப்போர்ட்டில் இருப்பவர்கள், அதிகம் வரும் ஐந்து கேள்விகளுக்கு உதவிக் கட்டுரை எழுதி அதை டீம் பயன்படுத்தச் செய்தால் போதும். ஆசிரியர்களுக்குப் படிப்படியாகச் சொல்லும் பழக்கம் ஏற்கெனவே இருக்கும். விளக்கத்தைச் சுருக்கப் பழக வேண்டும். மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சொல் ஒழுங்கு பலம், கருவியைக் கையில் எடுத்துப் பார்க்கும் பழக்கம்தான் பெரும்பாலும் குறை.

மூன்று மாதிரிகள் போதும்

பத்து மாதிரி வைப்பவரைவிட மூன்று நல்ல மாதிரி வைப்பவருக்கே அழைப்பு வரும். ஆள் எடுப்பவர் முதல் மாதிரியின் முதல் பக்கத்தை முழுதாகப் படிப்பார், மற்றவற்றைப் புரட்டுவார். எனவே சுமாரான ஒன்றைச் சேர்ப்பதற்குப் பதில் விட்டுவிடுங்கள். எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். வேலை அந்த மொழியில்தான். தமிழில் எழுதிய தொழில்நுட்பக் கட்டுரை இருந்தால் நான்காவதாகச் சேர்க்கலாம், அதற்கு மேல் இடம் தராதீர்கள்.

முதல் மாதிரி, கையால் தொடக்கூடிய ஒரு பொருளைப் பற்றிய செயல்முறை. வீட்டு வாசலில் நிற்கும் மணல் வாட்டர் ஃபில்டரை எடுத்துக்கொள்ளலாம். அதை பேக்வாஷ் செய்வதை (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு அழுக்கை வெளியேற்றுவதை) பலர் தாங்களே செய்கிறார்கள், பலர் தப்பாகவும் செய்கிறார்கள். ஏ4 தாளில் இரண்டு பக்கம் தாண்டக் கூடாது. யாருக்காக எழுதியது, எந்த மாடல், என்ன சாமான் வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்பது மேலே. பிறகு படிகள்: கைப்பிடியை பேக்வாஷ் நிலைக்குத் திருப்புவது, வடிகால் குழாயில் வரும் தண்ணீர் தெளியும் வரை விடுவது, ரின்ஸ் நிலைக்கு மாற்றுவது, கடைசியில் ஃபில்டர் நிலைக்குத் திரும்புவது. வால்வின் நிலைகளும் பெயர்களும் மாடலுக்கு மாடல் மாறும். ஆகவே உங்கள் எதிரில் நிற்கும் ஃபில்டரில் என்ன எழுதியிருக்கிறதோ அதே சொல்லைப் போடுங்கள்.

இந்த மாதிரி தேறுமா தேறாதா என்பதைத் தீர்மானிப்பது படிகள் அல்ல. ஒவ்வொரு படிக்குப் பிறகும் ‘சரியாகச் செய்திருந்தால் என்ன தெரியும்’ என்று சொல்லியிருக்கிறீர்களா என்பதுதான். ‘சில நிமிடம் விடவும்’ என்பது உதவாது. ‘வடிகால் குழாயின் வாயில் தண்ணீர் நிறமில்லாமல் வரும் வரை விடவும்’ என்பது உதவும். அதோடு கடைசியில், எது தப்பும், தப்பினால் என்ன அறிகுறி என்ற சிறு அட்டவணை. ரின்ஸ் படியைத் தாண்டினால் வீட்டுக் குழாயில் முதலில் கலங்கல் வரும். கைப்பிடியை பேக்வாஷிலேயே மறந்துவிட்டால் வடிகாலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், மாதக் கடைசியில் பில் சொல்லும். எழுதி முடித்ததும், ஃபில்டரைத் தொட்டே பார்க்காத ஒருவரிடம் தாளைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். வாய் திறக்கக் கூடாது. அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் தாளில் உள்ள ஓட்டை.

எச்சரிக்கை வாக்கியங்களுக்கு இடம் முக்கியம். கீழே உள்ளதைப் பாருங்கள்:

‘மின்சாரம் துண்டிக்கப்பட்ட பின்னர் மூடி அகற்றப்பட வேண்டும். மூடியை அகற்றும் முன் 5 நிமிடம் காத்திருப்பது அவசியம்.’

முதல் வாக்கியத்தைப் படித்தவர் கையில் மூடி வந்துவிட்டது. இரண்டாவதைப் படிக்கும்போது அவர் விரல், மின்னேற்றம் இன்னும் இறங்காத கெப்பாசிட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. செய்ய வேண்டிய வரிசையில் எழுதினால்:

‘எச்சரிக்கை: மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னேற்றம் இருக்கும்.
1. மெயின் சுவிட்சை அணைக்கவும்.
2. பிளக்கைக் கழற்றவும்.
3. 5 நிமிடம் காத்திருக்கவும்.
4. மூடியைக் கழற்றவும்.’

ஆபத்துச் சொற்களும் மனம் போனபடி போடுவதல்ல. அமெரிக்காவின் ஆன்சி இசட்535 வரிசைத் தரங்களின்படி ‘டேஞ்சர்’ என்றால் தவிர்க்காவிட்டால் மரணமோ கடும் காயமோ நிச்சயம். ‘வார்னிங்’ என்றால் அவை நேரலாம். ‘காஷன்’ சிறு அல்லது நடுத்தரக் காயத்துக்கு. ‘நோட்டீஸ்’ பொருளுக்கு மட்டும் சேதம் வரக்கூடியதற்கு. சூடான காப்பி மெஷினுக்கு ‘டேஞ்சர்’ போட்டால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

இரண்டாவது மாதிரி, மென்பொருள் பக்கம். அரசாங்கத்தின் டேட்டா.கவ்.மை தளத்தின் திறந்த ஏபிஐ இதற்கு அருமையாகப் பொருந்தும். இலவசம், பதிவு செய்யாமலே முயன்று பார்க்கலாம். பெட்ரோல் விலைத் தரவை எடுங்கள். வாரா வாரம் ரோன்95, ரோன்97, டீசல் விலை அதில் ஏறும். ‘கடைசி நான்கு வாரத்தின் ரோன்97 விலையை எடுப்பது எப்படி’ என்று ஒரே ஒரு வேலைக்கு வழிகாட்டி எழுதுங்கள். ஏபிஐயைச் சோதிக்கும் போஸ்ட்மேன் செயலியில் கோரிக்கை அனுப்புங்கள், ஜேசன் என்ற எழுத்து வடிவில் வரும் பதிலைப் பாருங்கள்.

அங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு தேதியும் இரண்டு முறை வரும். காரணம், ‘சீரிஸ் டைப்’ என்ற புலம்: அதில் ‘லெவல்’ என்று இருந்தால் அந்த வரி விலையைச் சொல்கிறது, ‘சேஞ்ச் வீக்லி’ என்று இருந்தால் முந்தைய வாரத்திலிருந்து விலை எவ்வளவு மாறியது என்பதைச் சொல்கிறது. இதைக் கவனிக்காமல் சராசரி எடுத்தால் விலை பாதியாகத் தெரியும். கோரிக்கையிலேயே ‘லெவல்’ வரிகளை மட்டும் வடிகட்டச் சொல்வது, தேதியை இறங்குவரிசையில் அடுக்குவது, நான்கு வரிகளோடு நிறுத்துவது என்று மூன்று அளவுருக்களையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் வரும் பதிலைக் காட்டுங்கள். 404 (கேட்டது அங்கே இல்லை), 429 (அளவுக்கு மீறிக் கேட்டாயிற்று) போன்ற பிழை எண் வந்தால் என்ன அர்த்தம், என்ன செய்வது என்பதைக் கடைசியில் சேருங்கள். அந்தத் தளத்தில் ஏற்கெனவே இருக்கும் விளக்கத்தை வரிமாற்றி எழுதாதீர்கள். அது என்ன சொல்லாமல் விட்டிருக்கிறதோ அதை எழுதுவதுதான் உங்கள் திறமைக்கு அத்தாட்சி.

மூன்றாவது, திருத்த மாதிரி. பொதுவெளியில் இருக்கும் ஒரு குழப்பமான பக்கத்தை எடுத்து இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் உங்கள் திருத்தம், அடியில் ஏன் மாற்றினீர்கள் என்ற குறிப்பு. ‘நன்றாக இருக்கிறது’ என்பது காரணம் ஆகாது. ‘நிபந்தனை வாக்கியத்தின் கடைசியில் இருந்தது, படிப்பவர் அதை அடைவதற்குள் செயலை முடித்துவிடுவார், எனவே முன்னால் கொண்டுவந்தேன்’ என்பது காரணம். மூலத்தை எழுதியவரைக் கிண்டல் செய்யும் தொனி ஒரு துளியும் வேண்டாம். இந்த ஊர் சின்னது.

ஆங்கிலம், விதிகள், கருவிகள்

நல்ல ஆங்கிலம் என்றால் அலங்கார ஆங்கிலம் என்று நினைப்பவர்கள் இந்தத் துறையில் முதலில் தடுக்கி விழுவார்கள். விமானத்துறையில் பிறந்த ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்ற எளிய ஆங்கில விதித்தொகுப்பை வாங்கிப் பாருங்கள். அவர்களுடைய தளத்தில் கேட்டால் இலவசமாகவே அனுப்புகிறார்கள். செயல்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது, விளக்க வாக்கியம் 25ஐத் தாண்டக் கூடாது, ஒரு வாக்கியத்தில் ஒரு கட்டளை என்பவை அதில் உள்ளவை. உங்கள் முதல் மாதிரியை இந்த மூன்று விதியால் மட்டும் அளந்து பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு உதிர்ந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். மென்பொருளுக்கு மைக்ரோசாஃப்ட், கூகிள் இரண்டின் ஸ்டைல் கைடும் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. கூகிள் நடத்தும் டெக்னிக்கல் ரைட்டிங் பாடமும் இலவசம். காசு கட்டிச் சான்றிதழ் வாங்குவதை வேலை கிடைத்த பிறகு யோசிக்கலாம். மாதிரி இல்லாத சான்றிதழை யாரும் பொருட்படுத்துவதில்லை.

நம் ஊர் ஆங்கிலத்துக்கென்று சில வழுக்கல்கள் உண்டு. ‘ஆன் தி மெஷின்’, ‘ஆஃப் தி சுவிட்ச்’ என்று பேச்சில் சொல்வது எழுத்தில் வந்துவிடும். ‘ரிவர்ட்’ என்று போட்டால் நாம் நினைப்பது பதில் அனுப்பச் சொல்வது. மென்பொருள்காரர் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடுவார். ‘கைண்ட்லி’ எங்கேயும் வேண்டாம்.

கருவிகளில், எல்லாரும் தெரியும் என்று சொல்லி யாருக்கும் சரியாகத் தெரியாத ஒன்று மைக்ரோசாஃப்ட் வேர்ட். எழுத்தைப் பெரிதாக்கி போல்ட் செய்து தலைப்பு மாதிரி காட்டுவது அல்ல. ஹெடிங் ஸ்டைல், தானே எண் போடும் பட்டியல், கேப்ஷன், கிராஸ் ரெஃபரன்ஸ், தானாக உருவாகும் பொருளடக்கம் ஐந்தும் கைவர வேண்டும். படிகளுக்குக் கையால் எண் போட்டவர், 3ஆம் படிக்கு முன் ஒன்றைச் சேர்த்ததும் ‘படி 7ஐப் பார்க்கவும்’ என்பது தவறான படிக்குக் கூட்டிப்போகும். அனுப்பும் கோப்பைத் திறந்து ஸ்டைல் பகுதியைப் பார்க்கும் மேனேஜர்கள் உண்டு.

மென்பொருள் பக்கம் போகிறவர்களுக்கு மார்க்டவுன் (எளிய குறிகளால் எழுத்தை வடிவமைக்கும் முறை), கிட் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி), கிட்ஹப் (அந்தக் கோப்புகளை இணையத்தில் வைக்கும் தளம்). மார்க்டவுன் ஒரு மாலையில் வந்துவிடும். கிட்டில் குளோன், பிராஞ்ச், கமிட், புல் ரெக்வெஸ்ட் இந்த நான்கு போதும், தொடங்குவதற்கு. பைத்தான் போட்டு, மார்க்டவுன் கோப்புகளை இணையதளமாக்கும் எம்கேடாக்ஸை நிறுவி ஓட்டினால் உங்கள் கணினியில் 8000 போர்ட்டில் தளம் ஓடும். அதை கிட்ஹப் பேஜஸில் ஏற்றினால் செலவில்லாமல் மாதிரிகளுக்கு ஒரு வீடு கிடைத்துவிடும். மேட்கேப் ஃபிளேர், ஃபிரேம்மேக்கர், ஆக்சிஜன் போன்ற மேனுவல் எழுதும் மென்பொருள்கள் விலை கூடியவை, கம்பெனி வாங்கித் தரும். ஒரு தலைப்பை ஒருமுறை எழுதிப் பல மேனுவல்களில் பயன்படுத்துவது என்ற கருத்து, அதாவது டிட்டா என்ற ஆவணத் தரத்தின் அடிப்படை, மட்டும் புரிந்திருந்தால் சமாளிக்கலாம்.

ஓப்பன் சோர்ஸ் (மூலநிரல் பொதுவில் திறந்திருக்கும்) திட்டங்களில் பங்களிப்பது நல்ல வழி, ஆனால் எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தி அனுப்பிவிட்டு ரெஸ்யூமேயில் போடுவது வேண்டாம். ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பை ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்ச்சியில் 2020இல் பரிசு டி-சர்ட்டுக்காக அப்படிக் குப்பையாகக் குவிந்ததில்தான், விரும்பும் திட்டங்கள் மட்டும் சேரலாம் என்று விதியையே மாற்றினார்கள். சுத்தமான கணினியில் ஒரு திட்டத்தின் நிறுவல் வழிகாட்டியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுங்கள். எந்தப் படியில் நின்றது, என்ன பிழைச் செய்தி வந்தது, எந்த இயங்குதளம் என்று பதிவு செய்து, பராமரிப்பவர் சரி என்ற பிறகு திருத்தத்தை அனுப்புங்கள். அந்தப் பேச்சுவார்த்தை முழுவதும் பொதுவில் இருக்கும். நீங்கள் எஞ்சினியரோடு எப்படிப் பேசுகிறீர்கள் என்பதை ஆள் எடுப்பவர் அங்கேயே படித்துவிடலாம்.

ரெஸ்யூமேயும் எழுத்துத் தேர்வும்

நம் வழக்கப்படி அடையாள அட்டை எண், மதம், திருமண நிலை, பாஸ்போர்ட் அளவுப் படம் எல்லாம் போட்டு மூன்று பக்கம் ஓட்டாதீர்கள். அடையாள அட்டை எண் வேலைக்கு எடுத்த பிறகு கொடுப்பது. ஒரு பக்கம், அதிகமானால் இரண்டு. பெயருக்குக் கீழேயே மாதிரிகளின் இணைப்பு. இணைப்பு கூகிள் டிரைவில் இருந்தால், பிரவுசரின் இன்காக்னிட்டோ சாளரத்தில் திறந்து பாருங்கள். ‘அனுமதி கேட்கவும்’ என்று வந்தால் அதைக் கேட்டுக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இந்த வேலைக்கு ரெஸ்யூமேயே ஒரு மாதிரி: ஓரிடத்தில் ‘மே 2023’, இன்னோரிடத்தில் ‘05/23’ என்று இருந்தால் அங்கேயே முடிந்தது.

எழுத்துத் தேர்வு பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். எஞ்சினியரின் தாறுமாறான குறிப்பைக் கொடுத்துச் செயல்முறையாக எழுதச் சொல்வார்கள். அதில் வேண்டுமென்றே ஒரு முரண் இருக்கும்: ஓரிடத்தில் 24 வோல்ட், இன்னோரிடத்தில் 12. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதுபவர் தோற்றார். எழுதத் தொடங்குமுன் 10 நிமிடம் குறிப்பை மட்டும் படித்து, சந்தேகங்களைத் தாளின் தலையில் ‘எஞ்சினியரிடம் உறுதி செய்ய வேண்டியவை’ என்று பட்டியலிடுங்கள். எழுதும் உரைக்குள் அந்த இடத்தைப் பளிச்சென்று குறித்துவிட்டு மேலே போங்கள். கடைசி 10 நிமிடம் படி எண்களுக்கும் ஒரே பொருளுக்கு ஒரே சொல் இருக்கிறதா என்பதற்கும். ஓரிடத்தில் ‘கவர்’, இன்னோரிடத்தில் ‘லிட்’ என்றால் படிப்பவர் இரண்டு மூடி தேடுவார்.

‘பேசவே நேரமில்லாத எஞ்சினியரிடமிருந்து எப்படித் தகவல் வாங்குவீர்கள்?’ என்ற கேள்வி அநேகமாக வரும். ‘பணிவாகக் கேட்பேன்’ என்பது பதில் இல்லை. கையில் கிடைத்ததை வைத்து முதலில் ஒரு வரைவு எழுதி, தெரியாத இடத்தில் உங்கள் ஊகத்தையும் அது ஊகம் என்பதையும் குறித்து அனுப்புவது பதில். வெற்றுத் தாளை நிரப்பச் சொன்னால் தள்ளிப்போடுகிறவர், தப்பாக எழுதியதைக் கண்டால் ஐந்து நிமிடத்தில் சிவப்பு மை போட்டுவிடுவார். நேரில் கிடைக்கும் அரை மணி நேரத்தில் ‘இது எப்படி வேலை செய்கிறது’ என்று கேட்காமல், ‘இது வேலை செய்யாதபோது முதலில் எதைப் பார்ப்பீர்கள்’ என்று கேளுங்கள். மேனுவலின் பழுது நீக்கும் பகுதி அந்தப் பதிலிலிருந்தே பிறக்கும்.

‘சாட்ஜிபிடி எழுதித் தருமே, நீங்கள் எதற்கு?’ என்றும் கேட்பார்கள். மறைக்க வேண்டாம், பயன்படுத்துகிறீர்கள் என்றால் எதற்கு என்று சொல்லுங்கள். நீண்ட வாக்கியத்தை உடைக்க, சொல் ஒற்றுமை பார்க்க அது உதவும். ஆனால் சாதனத்தில் இல்லாத பட்டனையும் மெனுவில் இல்லாத பெயரையும் சரளமாக எழுதிவிடும். ஒவ்வொரு படியையும் சாதனத்தின் முன் நின்று செய்து பார்த்த பிறகே உங்கள் பெயரில் வெளியே போகும் என்று சொல்லி, வாட்டர் ஃபில்டர் மாதிரியை எடுத்துக் காட்டுங்கள். அதில் நீங்கள் எடுத்த படங்கள் இருக்கும்.

முதல் வேலை ஏஜென்சி மூலம் ஒப்பந்த வேலையாக வருவது சகஜம். கையெழுத்துப் போடுமுன் மூன்றைக் கேளுங்கள். ஈபிஎஃப், சொக்சோ, இஐஎஸ் மூன்றும் கட்டுகிறார்களா? ஈபிஎஃப்பில் உங்கள் பங்கு 11 விழுக்காடு. 5,000 ரிங்கிட் வரையிலான சம்பளத்துக்கு முதலாளி பங்கு 13, அதற்கு மேல் 12. ‘ஃப்ரீலான்ஸ்’ என்று பெயர் வைத்து இதை விட்டுவிட்டால் சொன்ன சம்பளத்தில் அவ்வளவும் குறைவு என்று கணக்குப் போடுங்கள். இரண்டாவது, உங்கள் வரைவைச் சரிபார்க்க அங்கே மூத்த எழுத்தாளரோ எடிட்டரோ இருக்கிறாரா? தனி ஆளாகப் போடுகிறார்கள் என்றால் வேலை கற்றுக்கொள்ள அது கஷ்டமான இடம். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் எடிட்டர் உள்ள இடமே மேல். மூன்றாவது, நீங்கள் எழுதியவற்றில் பொதுவெளியில் வருபவை எவை, அவற்றை அடுத்த வேலைக்குக் காட்ட அனுமதி உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.